கோலாலம்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: ஸ்லோ குக்கரில் மாட்டிறைச்சி சீஸ் பாஸ்தா

கோலாலம்பூருக்கு வேலைக்கு வந்த புதிதில் சாப்பாடு ஒரு கவலையாகவே தெரியாது. மாமாக் கடைகள் (இந்திய முஸ்லிம் உணவகங்கள்) பலவும் நடுராத்திரி தாண்டியும் திறந்திருக்கும். பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் வாழையிலைச் சாப்பாடு, மஸ்ஜித் இந்தியாவில் பிரியாணி. கொஞ்ச காலம் போனதும் ரொட்டி சானாயும் மீ கோரெங்கும் அலுத்து, நாக்கு வீட்டுச் சாப்பாட்டைத் தேட ஆரம்பிக்கும். ஆனால் மாலை ஏழு மணிக்கு எல்.ஆர்.டி. என்ற நகர ரயிலில் இருந்து இறங்கி, மழையில் நடந்து வந்து, அதற்கப்புறம் வெங்காயம் உரிக்க யாருக்கு மனசு வரும்? அதனால்தான் புதிதாகக் குடியேறுகிற யார் என்னிடம் கேட்டாலும், கட்டில் மெத்தைக்கு அடுத்தபடியாக ஒரு ஸ்லோ குக்கர், அதாவது மிதமான சூட்டில் மணிக்கணக்கில் தானாக வேகவைக்கும் மின்பாத்திரம், வாங்கச் சொல்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே அறை வாடகைக்கு விடுகிற பலர் 'லைட் குக்கிங்' மட்டும்தான் அனுமதிப்பார்கள். வெந்நீர் வைக்கலாம், சோறு வடிக்கலாம், ஆனால் எண்ணெய்ப் புகை எழும் தாளிப்பும் பொரியலும் கூடாது என்பது அதன் பொருள். ஸ்லோ குக்கரில் புகை கிடையாது, கேஸ் சிலிண்டர் தேவையில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். இருந்தாலும் பிளக்கைச் செருகுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வீட்டில் முதலில் கேளுங்கள்

இதை நான் சமையலுக்கு முன்னால் வைப்பது வேண்டுமென்றேதான். மலேசியத் தமிழர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களில் பலர் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, தங்கள் அடுப்படிக்குள் அது வருவதையும் விரும்புவதில்லை. சீனர் வீடென்றால் தடையிருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். குவான் யின் அம்மனை வழிபடும் சீனர்களில் நிறையப் பேர் மாட்டிறைச்சியை விட்டுவிடுகிறார்கள். "ஆன்ட்டி, நான் மாட்டிறைச்சி சமைச்சா உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று நேராகக் கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் சமைத்து, மணம் வந்த பிறகு தெரியவந்தால்தான் மனக்கசப்பு. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவர்கள் வீடு அது.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பத்துமலைக்குக் காவடியோ பால்குடமோ எடுப்பவர்களும், பினாங்கில் தண்ணீர்மலைக்குப் போகிறவர்களும் 48 நாள் வரைகூட சைவமாக விரதம் இருப்பார்கள். உங்களோடு தங்கியிருக்கும் அண்ணனோ அக்காவோ விரதத்தில் இருந்தால், அந்த நாட்களில் கோழிகூட அந்தச் சமையலறையில் வேண்டாம்.

மாட்டிறைச்சி கூடாத வீட்டில் இதே சமையலை ஆட்டுக் கொத்துக்கறியில் செய்யலாம், அளவும் நேரமும் அப்படியே. கோழிக் கொத்துக்கறி என்றால் குக்கரின் 'லோ' என்ற குறைந்த சூட்டு நிலையில் மூன்று, நான்கு மணி நேரம் போதும். சைவத்துக்கு மீல்மேக்கரும் காளானும் நன்றாக வரும். ராஜ்மா போட நினைப்பவர்கள் மட்டும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: காய்ந்த ராஜ்மாவை நேரடியாக ஸ்லோ குக்கரில் போடக்கூடாது. அதில் இயற்கையாகவே உள்ள லெக்டின் என்ற நச்சு, ஸ்லோ குக்கரின் மிதமான சூட்டில் சரியாக அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, பயமில்லை.

பாத்திரமும் பொருளும்

ஊரில் இருந்து குக்கர் தூக்கிவர வேண்டாம். மலேசியாவில் சதுர முனை கொண்ட மூன்று பின் பிளக். இந்தியாவின் உருண்டை முனை பிளக் இங்கே நுழையாது. இங்கேயே பென்சோனிக், கைண்ட் மாதிரி உள்ளூர் நிறுவனங்களின் குக்கர்கள் எல்லா மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். சிரிம் என்ற மலேசியத் தரச் சான்று முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கடை அலமாரியில் கண்ணில் படும் ஒரு லிட்டர் குட்டிக் குக்கர்கள் பெரும்பாலும் குழந்தைக்குக் கஞ்சி வைப்பதற்கானவை. நான்கு பேருக்குச் சமைக்க மூன்றரை முதல் ஐந்து லிட்டர் வேண்டும். இன்னொரு வசதிக்காகக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன்: குறித்த நேரம் முடிந்ததும் தானாகவே 'வார்ம்' நிலைக்குப் போகும் டைமர். காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஏழுக்குத் திரும்புகிற ஊர் இது. கொத்துக்கறிக்கு அவ்வளவு நேரம் தேவைப்படாது.

பழைய குக்கர் மலிவாகக் கிடைத்தாலும் யோசித்து வாங்குங்கள். முன்பு அதில் பன்றி இறைச்சி சமைத்திருந்தால், பின்னாளில் முஸ்லிம் நண்பர்களுக்கு அதிலிருந்து பரிமாற முடியாது. புதுப் பாத்திரம், ஹலால் கடை இறைச்சி, ஹலால் முத்திரையுள்ள சீஸ் என்று தொடங்கிவிட்டால் யாரை வேண்டுமானாலும் சாப்பிடக் கூப்பிடலாம். சீஸிலுமா ஹலால் என்று கேட்பார்கள். பால் திரிக்கச் சேர்க்கும் ரென்னெட் சில வகைகளில் கன்றின் வயிற்றில் இருந்து எடுப்பது, அதனால்தான் அந்த முத்திரையைப் பார்க்கிறார்கள். மைடின் பேரங்காடியில் பன்றி இறைச்சியும் மதுவும் விற்பதே இல்லை. லோட்டஸ், ஏயோன் போன்ற இடங்களில் ஹலால் அல்லாதவற்றுக்குத் தனிப் பகுதி இருக்கும்.

இறைச்சிப் பொட்டலத்தில் மலாய்தான் எழுதியிருக்கும். டாகிங் லெம்பு என்றால் மாடு, டாகிங் கெர்பாவ் என்றால் எருமை, கிசார் அல்லது சின்சாங் என்று இருந்தால் கொத்துக்கறி. உறைந்த நிலையில் மலிவாகக் கிடைப்பதில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து வரும் எருமை இறைச்சி. கொழுப்பு குறைவு, கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு, ஆனால் இந்தச் சமையலுக்கு அதுவே போதும். சௌகிட் பாசாரிலோ பினாங்கு சௌராஸ்தா பாசாரிலோ இறைச்சி வாங்கினால், துண்டைக் காட்டி அரைத்துத் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு அரைத்த கறியின் ருசி தனி. வெயிலில் கையில் வைத்துக்கொண்டு சுற்றாமல் நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நான்கு பேருக்கு வேண்டியவை: அரை கிலோ கொத்துக்கறி, பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், 400 கிராம் தக்காளி டின் ஒன்று, தக்காளி பேஸ்ட் ஒரு மேசைக்கரண்டி, ஒரு கேரட், 250 கிராம் பாஸ்தா, 150 கிராம் செடார் சீஸ், டின்னில் வரும் இனிப்பில்லாத கெட்டிப் பால் (எவாபரேட்டட் மில்க்) 150 மில்லி, உப்பு, மிளகு. நம் நாக்குக்காக ஒரு மேசைக்கரண்டி பாபாஸ் இறைச்சிக் கறித்தூள். வெறும் இத்தாலிய மூலிகைதான் வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஓரிகானோ. நான் கறித்தூள் கட்சி.

சமைப்பது

உறைந்த கறியை அப்படியே குக்கரில் போடாதீர்கள். மெல்லச் சூடேறும் பாத்திரத்தில் உறைந்த கட்டி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் பெருகும் சூடு. முந்தின நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இறக்கி வைத்துவிடுங்கள். அதே காரணத்துக்காக, காலையில் பச்சைக் கறியைப் போட்டுவிட்டு மதியம் தொடங்கும்படி டைமர் வைப்பதும் வேண்டாம். நம் சமையலறையே 30 டிகிரியில் இருக்கிறது.

முதலில் வாணலியில் கறியை வதக்க வேண்டும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அடுப்போ இண்டக்‌ஷன் தட்டோ தேவை. எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம், புகை வராது. உருகிய கறியில் இருந்து நிறையத் தண்ணீர் விடும், சாம்பல் நிறத்தில் கொதிக்கும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் வற்றி, கொதிக்கிற சத்தம் அடங்கி, பொரிகிற சத்தம் கேட்கும். கறியின் ஓரங்கள் பழுப்பாகும், வாணலியின் அடியில் ஒரு படலம் பிடிக்கும். ருசி முழுக்க அந்தப் படலத்தில்தான். வெங்காயம், பூண்டு, கறித்தூள் போட்டு இரண்டு நிமிடம் கிளறி, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிச் சுரண்டி எடுத்து எல்லாவற்றையும் குக்கருக்கு மாற்றுங்கள். தக்காளி, பேஸ்ட், பொடியாக நறுக்கிய கேரட், இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு. சீஸிலும் உப்பு இருப்பதால் கை குறைத்தே போடுங்கள்.

லோவில் ஆறு, ஏழு மணி நேரம். ஹையில் மூன்று, நான்கு. இரண்டும் கடைசியில் ஏறக்குறைய ஒரே சூட்டுக்குத்தான் வரும், ஹை சீக்கிரம் வந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். இடையில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் போன சூடு திரும்ப அரை மணி நேரம்கூட ஆகலாம். டைமர் இல்லாத குக்கர் என்றால் இரவு படுக்கப்போகும்போது போட்டு, காலையில் அணைத்து, அகலமான டப்பாவில் மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். மாலையில் வாணலியில் கொதிக்கவைத்து, தனியாக வேகவைத்த பாஸ்தாவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

டைமர் குக்கரில் பாஸ்தா அதே பாத்திரத்தில் வேகும், ஆனால் காலையிலேயே போட்டுவிடக் கூடாது, மாலைக்குள் கூழாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் ஹைக்கு மாற்றி, கொதிக்கும் வெந்நீர் ஒன்றரை டம்ளர் ஊற்றி, பாஸ்தாவைப் போட்டு, எல்லாம் சாற்றில் முங்கும்படி அழுத்திவிட்டு மூடுங்கள். 25 நிமிடம். நீங்கள் குளித்துவிட்டு வர அது சரியாக இருக்கும். டூரம் கோதுமையில் செய்த பாஸ்தாவாகப் பார்த்து வாங்குங்கள். மலிவான மக்ரோனி இந்தச் சூட்டில் குழைந்துபோகும். 20 நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் லேசான கடினம் இருக்கும்போதே சீஸுக்குப் போய்விடலாம்.

சீஸ் எப்போதும் கடைசியில். நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் எண்ணெய் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்துவிடும். குக்கரை அணைத்துவிட்டு முதலில் கெட்டிப் பாலை ஊற்றிக் கிளறி, பிறகு துருவிய சீஸை இரண்டு மூன்று தடவையாகத் தூவிக் கலக்குங்கள். இங்கே தே சி என்ற பால் தேநீர் போடுகிற அதே பால்தான். இந்தப் பால் சேர்ந்தால் சீஸ் திரியாமல் வழவழப்பாக நிற்கும். டின்னைப் பார்த்து எடுக்க வேண்டும்: சுசு செஜாட் என்றிருப்பது பால்; கிரிமெர் செஜாட் என்றிருப்பது பாலோடு செம்பனை எண்ணெய் போன்ற தாவரக் கொழுப்பு கலந்தது, அவசரத்துக்கு ஓடும், ருசி குறையும். மானிஸ் என்ற சொல் எங்கேயாவது தெரிந்தால் அது இனிப்பு, தொடவே வேண்டாம். சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது நல்லது. துருவியே விற்பதில் ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள். கடைசியில் மேலே ஒரு பிடி மொசரெல்லா போட்டு ஐந்து நிமிடம் மூடிவைத்தால் நூல் நூலாக இழுபடும், பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நண்பர்களைக் கூப்பிட்டிருந்தால், இங்கே நோன்பு திறப்பது மாலை ஏழே கால், ஏழரை வாக்கில். பாஸ்தாவை ஆறே முக்காலுக்குப் போட்டால் கணக்கு சரியாக வரும்.

ஒரு எச்சரிக்கை இந்த ஊருக்கே உரியது. கோலாலம்பூரும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலையில் இடியும் மின்னலும் அதிகம். ஓர் இடி இடித்தால் பல வீடுகளில் மெயின் பாக்ஸில் சுவிட்ச் விழுந்துவிடும். நீங்கள் இல்லாத நேரத்தில் விழுந்திருந்தால் குக்கர் எப்போது நின்றது என்று தெரியாது. வந்ததும் குக்கரின் டிஜிட்டல் திரையையோ மைக்ரோவேவ் கடிகாரத்தையோ பாருங்கள். சுழியத்தில் மின்னிக்கொண்டிருந்தால் மின்சாரம் போய் வந்திருக்கிறது. எவ்வளவு நேரம் நின்றது என்று உறுதியாகத் தெரியாத கறியை, மணம் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனால் மருத்துவமனைச் செலவு அதைவிடப் பெரிது, அதுவும் இன்ஷூரன்ஸ் இன்னும் சரியாகாத முதல் மாதங்களில்.

சாப்பிட்ட பிறகு சூடான பீங்கான் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், ஆறட்டும். மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் தட்டையான டப்பாக்களில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். திரும்பச் சூடாக்குவதற்கு ஸ்லோ குக்கர் ஆகாது, சூடேற ரொம்ப நேரம் எடுக்கும். இரண்டு கரண்டி பால் தெளித்து அடுப்பிலோ மைக்ரோவேவிலோ ஆவி பறக்கச் சூடாக்குங்கள். அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடாகவும் கொண்டுபோகலாம். அங்கே பேன்ட்ரியில் இரண்டு மைக்ரோவேவ் இருந்தால், ஹலால் என்று ஒட்டியிருப்பது எது என்று பார்த்து அதில் வையுங்கள்.