63 சதவீதத்தில் நின்றுபோகும் எக்ஸ்போர்ட்: நீண்ட வீடியோக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடிட் செய்த பத்து நிமிட வீடியோவைக் கோப்பாக எடுக்கும் வேலை, அதாவது எக்ஸ்போர்ட், பாதியில் நின்றால் எரிச்சலோடு போய்விடும். இரண்டு மணி நேர வீடியோவை இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் பிழைச் செய்தியைப் பார்த்தால் ஒரு நாளே போயிற்று. (‘ஏற்றுமதி’ என்று எழுதினால் கப்பலும் சரக்கும்தான் நினைவுக்கு வருகின்றன, எக்ஸ்போர்ட் என்றே வைத்துக்கொள்வோம்.)

முதல் தவறு, ஒன்றும் ஆராயாமல் அதே பொத்தானை மறுபடி அழுத்துவது. நானே மூன்று இரவுகள் அப்படி அழுத்தியிருக்கிறேன்.

எத்தனை சதவீதத்தில் நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு முறையும் ஒரே இடம் என்றால் கோளாறு பெரும்பாலும் டைம்லைனுக்குள் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டைக்குள்) இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு இடம் என்றால் கணினியின் சூட்டையும் நினைவகத்தையும் சந்தேகியுங்கள். இரண்டு மணி நேரத்தில் 63 சதவீதம் என்பது ஏறத்தாழ 75ஆவது நிமிடம். அதைச் சுற்றிய ஐந்து நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அதுவும் நின்றால் பாதியாக்குங்கள், பிறகு அதிலும் பாதி. நான்கைந்து சுற்றில் ஒரு கிளிப்பில் வந்து முடியும். எனக்கு அது இரண்டு நொடி மட்டும் தோன்றும் ஒரு புகைப்படம். கேமராவிலிருந்து இறக்கியபடியே, அளவு குறைக்காமல் போட்டு, அதன் மேல் புள்ளி நீக்கும் எஃபெக்டையும் ஏற்றியிருந்தேன். கிராபிக்ஸ் கார்டின் நினைவகம் அங்கே தீர்ந்துபோயிருக்கிறது. படத்தைச் சிறிதாக்கியதும் மொத்த வீடியோவும் ஒரே மூச்சில் முடிந்தது.

அடுத்தது இடக் கணக்கு. வீடியோவின் தரவு அளவை நொடிக்கு 20 மெகாபிட் என்று அமைத்தால் இரண்டு மணி நேரத்துக்கு 18 ஜிகாபைட் வேண்டும். மென்பொருளின் தற்காலிகக் கோப்புகளும் அதே டிரைவில் குவிகின்றன என்றால் அதற்கும் இடம் விடுங்கள். டிரைவில் இடம் தாராளமாக இருந்தும் கோப்பு 4 ஜிகாபைட்டைத் தொட்டதும் நின்றால், அந்த டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். ஒரு கோப்பு அதற்கு மேல் வளர அம்முறை இடம் தராது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் தீரும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும் என்பதால் முதலில் நகல் எடுங்கள்.

முழு நீளத்தையும் ஒரே கோப்பாக எடுப்பதை நான் விட்டுவிட்டேன். எம்பி4 வீடியோ கோப்பில் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. 99 சதவீதத்தில் மின்சாரம் போனாலும் மிஞ்சுவது திறக்காத கோப்புதான். அரை மணி நேரத் துண்டுகளாக, ஒரே அமைப்பில் எடுத்து, மறு என்கோடிங் (வீடியோவை மறுபடி சுருக்கி எழுதுவது) இல்லாமல் ஒட்டுங்கள். வெட்டும் இடம் நிசப்தமாக இருக்கட்டும். இசைக்கு நடுவே வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்று கேட்கக்கூடும்.

உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவது வேறு கதை. செல்பேசிப் பதிவிலும் திரைப் பதிவிலும் ஃபிரேம் வேகம் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) பெரும்பாலும் சீராக இருப்பதில்லை. முதல் நிமிடத்தில் தெரியாத பிசகு ஒரு மணி நேரத்தில் பெரிதாகும். 29.97 ஃபிரேம் பதிவை 30 என்று எடுத்துக்கொண்டாலே மணிக்கு 3.6 நொடி விலகும். கடைசியில் ஒலியை நகர்த்திச் சரிசெய்யப் பார்ப்பது வீண். ஓரிடத்தில் பொருந்தும், மற்ற இடங்களில் கெடும். எடிட் தொடங்கும் முன்பே நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள்.

கணினி தானாக உறங்கும் அமைப்பை அணைப்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் மறக்கிறோம்.

முடிந்த கோப்பைத் திறந்து முதல் காட்சியை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பாதீர்கள். கடைசி நிமிடத்துக்குப் போய், பேசுபவரின் உதட்டைப் பாருங்கள்.