32 அங்குல டிவியும் ஒரு மேற்கோள் குறியும்

ரிச்சி தெருவில் ஒரு கடைக்குப் பொருள் பட்டியல் பக்கம் செய்துகொடுத்தேன். மறுநாளே கடைக்காரர் போன்: "தம்பி, டிவி பேரெல்லாம் வெறும் 32, 43ன்னு நிக்குது. மீதி எங்கப்பா?"

அவர் ஏற்றிய பெயர் 32" எல்இடி டிவி. திருத்தும் படிவத்தின் பெட்டியில் நிரப்பும் மதிப்பை, அதாவது வேல்யூவை, இரட்டை மேற்கோளுக்குள் எழுதியிருந்தேன். உள்ளே அங்குலக் குறியைப் பார்த்த பிரவுசர், வேல்யூ அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. விலையை மாற்றி அவர் சேவ் செய்ததும் டேட்டாபேஸிலும் பாதிப் பெயர்தான். தவறு என்னுடையது. எஸ்கேப் செய்யாமல், அதாவது மேற்கோள் போன்ற குறிகளை " மாதிரி குறியீடாக மாற்றாமல், எழுத்துச் சரங்களை ஒட்டியே எச்டிஎம்எல் டேகை எழுதியிருந்தேன்.

இரட்டை மேற்கோளுக்குப் பதில் ஒற்றை போட்டால் சரியாகிவிடும் என்று தோன்றும். டெலிவரி முகவரியில் செயின்ட் மேரி'ஸ் ரோடு வரும்வரை சரிதான். எஸ்கேப்தான் வழி, ஆனால் அதுவும் தானாக நடந்துவிடாது. பைத்தானில் வலைத்தளம் கட்டும் ஜாங்கோவில் இயல்பாகவே இயங்கும். பக்க வார்ப்புருவை (டெம்ப்ளேட்) நிரப்பும் கருவியான ஜிஞ்சாவைத் தனியாக எடுத்தால் நாம்தான் இயக்க வேண்டும். பிஎச்பி மொழியில் எஸ்கேப் செய்யும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ், 8.1 பதிப்புக்கு முன்புவரை, சொல்லாவிட்டால் ஒற்றை மேற்கோளைத் தொடாது. எஸ்கேப் இருக்கிறதே என்று வேல்யூவைச் சுற்றியுள்ள மேற்கோளை விட்டுவிடவும் கூடாது. இடைவெளியை இந்த எஸ்கேப்புகள் மாற்றாது. முதல் சொல்லோடு வேல்யூ முடிந்து, அடுத்த சொல் டேகின் தனிப் பண்பாக, அதாவது அட்ரிபியூட்டாக, ஆகிவிடும்.

இதைவிடச் சிக்கல், கிளிக் செய்தால் ஓட வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலை டேகிலேயே எழுதும் ஆன்கிளிக். அங்கே பெயரை ஜாவாஸ்கிரிப்ட் சரமாக நுழைத்தால், எஸ்கேப் செய்தும் உடையும். ஏனென்றால் பிரவுசர் முதலில் ' என்பதை ' ஆக மாற்றிவிட்டு, அப்புறம்தான் ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுக்கிறது. யாராவது வேண்டுமென்றே எழுதிய பெயர் என்றால் அது நிரலாகவே ஓடும். நான் இப்போது பெயரை, தகவல் மட்டும் வைக்கும் டேட்டா அட்ரிபியூட்டில் வைத்து, ஸ்கிரிப்ட் கோப்பிலிருந்து படிக்கிறேன். ஆன்கிளிக்கை டெம்ப்ளேட்டில் எழுதுவதே இல்லை.

இணைப்பு முகவரியும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட் என்று தொடங்கும் முகவரியை எஸ்கேப் தடுக்காது. எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் தவிர மற்றதை நாமே மறுக்க வேண்டும்.

ஸ்டாக் இல்லாத பொருளின் பட்டனை முடக்க டிஸேபிள்டு அட்ரிபியூட் போடும்போது இன்னொரு கூத்து. அதன் வேல்யூவாக ஃபால்ஸ் என்று எழுதினாலும் பட்டன் முடங்கியே கிடக்கும். வேண்டாமென்றால் அட்ரிபியூட்டையே எழுதக்கூடாது.

இத்தனையும் திருத்தினேன். ஒரு வாரம் கழித்து மறுபடி போன்: "தம்பி, பில்லுல 32" எல்இடி டிவின்னு வருதே?" காட்டும்போது செய்யும் எஸ்கேப் போதாதென்று, பயத்தில் சேமிக்கும்போதும் ஒருமுறை எஸ்கேப் செய்து வைத்திருந்தேன்.