"நீயாவது சொல்லியிருக்கலாமே": பிள்ளைகளின் குழுவில் தலையிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழு வேலை, விளையாட்டு அணி, முகாம் என்று பிள்ளைகளைச் சேர்த்து வைத்து நடத்தப் புதிதாக வரும் ஆசிரியர்கள், எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கத்தாதீர்கள், ஒப்பிடாதீர்கள், செல்லப்பிள்ளை வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். நல்ல மனதோடு செய்யும் தவறுகள்தான் கண்ணில் படுவதில்லை.

"சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?"

தெரியும். "டீச்சர் சரின்னு சொன்னா பையை வேற இடத்துல வைக்கலாமா?" என்று கேட்டால், வைக்கலாம் என்பார்கள். "டீச்சர் சரின்னு சொன்னா அடிக்கலாமா?" என்றால், அப்போதும் கூடாது என்பார்கள். விதியை மீறுவது வேறு, ஒருவரை நோகடிப்பது வேறு என்று மூன்று நான்கு வயதிலேயே பிரித்துப் பார்க்கிறார்கள். ஜூடித் ஸ்மெடானா, எலியட் டூரியல் போன்ற உளவியலாளர்கள் 1980-களிலேயே இதை எழுதிவிட்டார்கள்.

தெரிந்ததைச் செய்துவிடுவார்கள் என்று நம்புவது

பாதி பாதி பிரிக்க வேண்டும் என்று சொல்லும் மூன்று வயதுப் பிள்ளை, தன் முறை வந்தால் தனக்கு அதிகம் எடுத்துக்கொள்ளும். சொல்லும் செயலும் ஒட்டி வர ஏழு எட்டு வயதாகும். அதுவரை "பொய்க்காரன்" என்று பட்டம் கட்டாதீர்கள்.

எல்லாருக்கும் சமமாகக் கொடுத்தால் வேலை முடிந்தது என்பது

அலெக்ஸ் ஷா, கிறிஸ்டினா ஓல்சன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அறையைச் சுத்தம் செய்த இரண்டு பையன்களுக்கு ஐந்து அழிப்பான்களைப் பங்கிட வேண்டும். ஆளுக்கு இரண்டு போக மிச்சம் ஒன்று. ஆறிலிருந்து எட்டு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதை ஒருவனுக்குக் கொடுப்பதைவிடக் குப்பையில் போடுவதே மேல் என்றார்கள். ஆனால் ஒருவன் அதிகம் வேலை செய்தான் என்று தெரிந்தால் அவனுக்கே கொடுத்தார்கள். ஆகவே ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம். காரணத்தை மட்டும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்.

தட்டிக்கேட்ட பிள்ளையைக் கூட்டத்தின் முன் நிறுத்துவது

இன்றைக்கும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் குழு ஒன்று. அதிலிருந்த ஒரு பெண்ணை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, அவள் செய்த பகுதியையும் மற்றவர்களே திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். அதே குழுவில் இருந்த பையன் ஒருவன் புது ஆசிரியரிடம் தனியாக வந்து சொன்னான். அவர் குழு முழுவதையும் கூப்பிட்டு, "இவன் ஒருத்தனுக்குத்தான் மனசாட்சி இருக்கு. மத்தவங்க வேடிக்கை பார்த்தீங்களா? நீயாவது சொல்லியிருக்கலாமே!" என்று ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்டார். பாராட்டுவதாகத்தான் நினைத்தார்.

அந்தப் பெண்ணை அன்றே வாட்ஸ்அப்பில் திரும்பச் சேர்த்தார்கள். பேச்செல்லாம் புதிதாகத் தொடங்கிய இன்னொரு குழுவுக்குப் போய்விட்டது. அதில் அவளும் இல்லை, அந்தப் பையனும் இல்லை. கொஞ்ச நாளில் அவன் இடத்தை மாற்றித் தரச் சொல்லி வந்து நின்றான். அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியரோ, "இந்தப் பசங்களுக்கு நியாய உணர்வே கிடையாது" என்று முடிவு கட்டிவிட்டார்.

அது தவறு. மெலனி கில்லன், ஆடம் ரட்லண்ட் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பது, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேட்டார்கள்: ஒரு குழு தனக்கே அதிகம் எடுத்துக்கொள்ள நினைக்கிறது, அதில் ஒருவன் மட்டும் சமமாகப் பிரிக்கலாம் என்கிறான், அவனைப் பிடிக்குமா? தங்களுக்குப் பிடிக்கும் என்றார்கள். அவன் குழுவுக்குப் பிடிக்குமா என்றால், பிடிக்காது என்றார்கள். வாயை மூடிக்கொண்டிருக்கும் பிள்ளை ஆமோதிக்கிறது என்று அர்த்தமில்லை. பேசினால் அடுத்து ஒதுக்கப்படுவது தான்தான் என்று அதற்குத் தெரியும்.

சொன்னது யார் என்று வெளியே தெரியக் கூடாது. குழுவில் எல்லாரோடும் தனித்தனியாகப் பேசுங்கள், சொல்லாதவர்களோடும். "உனக்கு என்ன தோணுது?", "உன் கூட்டாளிங்க என்ன சொல்வாங்க?" என்று இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பதில் வந்தால், அந்தப் பிள்ளை உள்ளுக்குள் உங்கள் பக்கம். அப்படி இரண்டு மூன்று பேர் இருந்தால் அடுத்த வேலையில் அவர்களை ஒன்றாகப் போடுங்கள். தனி ஆளாக எதிர்த்து நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

"அவ சேர்ந்தா வேலை கெட்டுடும் சார்" என்று பெரிய பிள்ளைகள் சொல்வதை வெறும் சாக்கு என்று தள்ளாதீர்கள். வயது ஏற ஏற, குழு ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதையும் அவர்கள் உண்மையிலேயே எடைபோடுகிறார்கள். வேலையில் குறை இருந்தால் அவளுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வாட்ஸ்அப்பிலிருந்து ஏன் நீக்கினீர்கள் என்பது தனிக் கேள்வி. அதைத் தனியாகவே கேளுங்கள்.

அணித் தலைவர்களை விட்டு ஆள் பொறுக்கச் சொல்வது

வேண்டாம். நீங்களே அணி பிரித்துவிடுங்கள்.

அணியின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது

ரெபெக்கா பிக்லர் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் பிள்ளைகளுக்கு நீல, மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். ஆசிரியர் நிறத்தை வைத்தே வகுப்பை நடத்திய இடத்தில் "எங்க நிறம்தான் உசத்தி" என்ற எண்ணம் வந்தது. அவர் நிறத்தைக் கண்டுகொள்ளாத வகுப்பில் அப்படி வரவில்லை. "நீல அணி வரிசையில் நில்லு" என்பதை விடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் அணியை மாற்றுங்கள்.