வீட்டிலேயே நீலத் திராட்சை சோடா

பெங்களூரு அல்சூர் சந்தையில் நீலத் திராட்சை குவியத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் இந்தப் பானம் தயாராகிவிடும். இந்நகரின் சுற்றுவட்டாரத்தில் விளையும், புவிசார் குறியீடு பெற்ற இத்திராட்சை, தோற்றத்தில் நம் கம்பம் பன்னீர் திராட்சையை ஒத்திருந்தாலும் வேறு வகையாகும்.

அரைக் கிலோ பழத்தைக் காம்பு நீக்கிக் கழுவி, அரை டம்ளர் தண்ணீரும் 150 கிராம் சர்க்கரையும் சேர்த்து, தோல் வெடித்து நிறம் இறங்கும் வரை மிதமான தீயில் 10 நிமிடம் வேகவிடுங்கள். மிக்ஸியில் அரைக்கவே வேண்டாம். கொட்டை உடைந்தால் கசப்பு ஏறிவிடும் என்பதால், கரண்டியால் மசித்து வடிகட்டுவதே சரியான முறை. ஆறியபின் ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால், மங்கலான ஊதா நிறம் கண்ணெதிரே பளிச்சென்ற சிவப்பாக மாறுவதைக் காணலாம். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.

கரியமில வாயு குளிர்ந்த நீரில்தான் நன்கு கரைந்திருக்கும். ஆகவே சாறு, சோடா, டம்ளர் மூன்றையும் முன்கூட்டியே குளிர வைத்து, ஒரு பங்கு சாற்றின் மேல் மூன்று பங்கு சோடாவை, டம்ளரைச் சாய்த்து ஓரமாக மெல்ல ஊற்றி, ஒரே ஒரு முறை கிளறினால் போதும். உப்பு விரும்புவோர் அதைச் சாற்றிலேயே கரைத்துவிட வேண்டும். சோடாவின் மேல் தூவினால் நுரை பொங்கி, வாயு முழுவதும் வெளியேறிவிடும். சோடா கலக்காத சாறு ஃபிரிட்ஜில் நான்கைந்து நாள் தாங்கும். வெளியே வைத்தால் நொதிக்கத் தொடங்கும்.