ரொறன்ரோ டவுன்டவுன்: ஒரு ஆளுக்கு ஒரு அட்டை

ரொறன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் வந்து இறங்கும் நம்மவர்களுக்கு முதல் மாதத்திலேயே டவுன்டவுனில் ஏதாவது அலுவல் வந்துவிடும். வேலை செய்யத் தேவையான சின் நம்பர், வங்கிக் கணக்கு, ஹெல்த் காட் எல்லாம் ஏர்போட்டிலிருந்து கூட்டிப்போக வந்தவரே காரில் வைத்துச் சொல்லி முடித்திருப்பார். பஸ்ஸில் எப்படிக் காசு கட்டுவது என்பதைத்தான் ஒருவரும் ஒழுங்காகச் சொல்வதில்லை. அதில் பிழைவிட்டால் தண்டம் 235 டொலரில் தொடங்கி 425 வரை போகும்.

ஊரில் ஏறி இருந்தால் கொண்டக்டர் தானே வருவார். "ரெண்டு பேர்" என்று காசை நீட்டினால் இரண்டு ரிக்கெற் கிழித்துத் தருவார். இங்கே தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரில் எல்லாக் கதவாலும் ஏறலாம், சாரதி தன் அறைக்குள் இருப்பார், ஒருவரும் காசு கேட்கமாட்டார்கள். கதவடியில் இருக்கும், பிரெஸ்ரோ என்ற பயண அட்டைக்கான கருவியில் நீங்களாகவே அட்டையைத் தட்டவேண்டும். பிரெஸ்ரோ அட்டையும் சரி, வங்கிக் காட்டும் சரி, பெரியவருக்கு 3.30 டொலர். முதல் தட்டிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ், சப்வே, ஸ்ரீட்கார் மாறினாலும், வந்த வழியே திரும்பினாலும், மேலதிகக் காசு இல்லை. ஆனால் ஏறும் ஒவ்வொரு முறையும் தட்டவேண்டும்.

குடும்பமாகப் போகிறவர்கள் மாட்டுவது இந்த இரண்டு மணித்தியாலத்தில்தான். கணவர் தன் அட்டையை ஒருமுறை தட்டுகிறார், மனைவிக்காக இன்னொருமுறை தட்டுகிறார். இரண்டு தடவையும் பச்சை விழுகிறது, எல்லாம் சரி என்று போய் இருக்கிறார்கள். கருவியைப் பொறுத்தவரை இரண்டாவது தட்டு வேறொரு ஆள் இல்லை, அதே ஆள் வண்டி மாறியது. அதனால் காசு வெட்டாது. பரிசோதகர் ஏறிக் கையிலுள்ள கருவியால் பார்த்தால் கணவருக்குக் கட்டணம் இருக்கும், மனைவிக்கு இருக்காது. "நாங்கள் ரெண்டு தரம் தட்டினோம்" என்று எவ்வளவு சொன்னாலும் பதிவில் இருப்பது ஒரு கட்டணம்தான். தண்டம் மனைவியின் பெயருக்கு வரும். சட்டப்படி சரிதான், புதிதாக வந்தவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்க மட்டும் ஆளில்லை.

இதே பிழையின் மறுபக்கம் போனில் இருக்கிறது. காலையில் போனால் தட்டிவிட்டு, மாறி ஏறும்போது அதே வங்கியின் பிளாஸ்ரிக் காட்டை எடுத்துத் தட்டுவார்கள். கணக்கு ஒன்றுதான், ஆனால் போனுக்குள் இருக்கும் காட்டுக்குத் தனி இலக்கம் உண்டு. கைக்கடிகாரத்துக்கும் அப்படியே. கருவிக்கு அது வேறு பயணி, இன்னொரு 3.30 போகும். காட்டால் தட்டிவிட்டுப் பரிசோதகரிடம் போனை நீட்டினால் கதை இன்னும் மோசம். புறப்படும்போது எதால் தட்டினீர்களோ, வீடு திரும்பும்வரை அதுதான். பணப்பையை முழுதாகக் கருவியில் வைக்கவும் வேண்டாம். உள்ளே இரண்டு காட் இருந்தால் எது பிடிபடும் என்று சொல்லமுடியாது.

12 வயதுவரை பிள்ளைகளுக்கு இலவசம். 13 முதல் 19 வரை 2.35 டொலர், ஆனால் அந்தச் சலுகை பிரெஸ்ரோ அட்டைக்குத்தான், அதுவும் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் மருந்துக்கடையில் வயதைக் காட்டிப் பதிந்த பிறகு. வங்கிக் காட்டால் தட்டினால் பிள்ளையும் பெரியவர்தான்.

ஸ்காபரோவின் மூன்றாம் இலக்க ரயில் 2023 ஜூலையில் தடம்புரண்டு அத்தோடு மூடப்பட்டது. பஸ்ஸில் கெனடி ஸ்ரேசன் போய் சப்வே எடுப்பது நீண்ட வழி. அஜின்கோட், எக்ளின்ரன், கில்ட்வுட் பக்கம் இருந்தால் கோ (GO) என்ற புறநகர் ரயிலைப் பாருங்கள், டவுன்டவுனின் யூனியன் ஸ்ரேசனில் கொண்டுபோய் விடும். 2024 பெப்ரவரி 26 முதல் நகர பஸ், சப்வே, ஸ்ரீட்கார் ஓட்டும் ரி.ரி.சி.யும் கோவும் மாறும்போது ரி.ரி.சி. பங்கு இலவசம், அதே அட்டையால் தட்டினால் மட்டும். கோ ரயிலிலிருந்து இறங்கும்போதும் தட்டவேண்டும். மறந்தால் அந்தப் பாதையின் கடைசி ஸ்ரேசன்வரை போனதாக வெட்டிவிடும்.

சிக்கிட்ஸ், மவுன்ற் சைனாய் ஆஸ்பத்திரிகள் யூனிவர்சிட்டி அவென்யூவில் இருக்கின்றன. 2009இல் அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன்னால் போரை நிறுத்தச் சொல்லி நம்மவர்கள் நாள்கணக்காக நின்ற தெரு அது. குயின்ஸ் பார்க் ஸ்ரேசனில் இறங்கினால் நடை குறைவு. குயின் வீதி, பே தெரு முதல் விக்டோரியா தெருவரை, ஒன்ராரியோ லைன் என்ற புதிய சப்வே வேலைக்காக 2023 மே மாதம் மூடப்பட்டதால் 501 ஸ்ரீட்கார் சுற்றிப் போகும்; ஏறமுன் அறிவித்தலைப் பாருங்கள். குளிருக்குப் பயந்து நிலத்தடியில் பாத் (PATH) என்ற நடைபாதை வழியாக நடக்கலாம், முப்பது கிலோமீற்றருக்கு மேல் உண்டு. வார இறுதியிலும் இரவிலும் கடைகள் பூட்டு, சில கதவுகளும் பூட்டு.

ஸ்ரீட்கார் நடுத்தெருவில் நிற்கும். கதவு திறந்திருக்கும்போது கார்கள் பின்னால் நிற்கவேண்டும் என்பது சட்டம், ஆனாலும் வலப்பக்கம் பார்த்துக் கால்வையுங்கள். சைக்கிள்காரர் நிற்பார் என்று நம்பவேண்டாம்.

ஞாயிறு காலை வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்று கவனியுங்கள்: அன்று சப்வே எட்டு மணியளவில்தான் தொடங்கும். ஆறு மணி வேலை என்றால் 300இல் தொடங்கும் இலக்கமுள்ள இரவு பஸ்கள்தான், புளோர்-டான்ஃபோர்த் வழிக்கு 300, யங் வீதிக்கு 320. கட்டணம் அதே 3.30.