பிரெஞ்சு விண்டோஸில் கம்பைலர் நிறுவுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் தமிழ் தெரிந்த மாணவர்கள் சி, சி++ கற்கத் தொடங்கினால் முதலில் தேடிப் போவது சென்னையிலோ கோவையிலோ எடுத்த தமிழ்க் காணொளிகளைத்தான். விளக்கம் நன்றாகவே இருக்கும். ஆனால் காணொளியில் ஓடுவது ஆங்கில விண்டோஸ். இவர்கள் மேசையில் இருப்பது பிரெஞ்சு விண்டோஸ். விசைப்பலகையும் வேறு. இங்குள்ள சென்-அந்த்ரே ஊரில் என்னிடம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "அண்ணே, அதுல சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், ஜிசிசின்னு அடிச்சா அப்படி ஒன்னும் இல்லங்குது." திறந்து பார்த்தால் ஜிசிசி என்ற கம்பைலர், அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய கோப்பாக மாற்றித் தரும் மென்பொருள், இருக்கும். சில கணினிகளில் மூன்றுகூட இருக்கும்.

கம்பைலரை இறக்கி நிறுவுவது சுலபம். நாம் நிறுவியதும், பெயர் சொல்லி அழைத்தால் ஓடிவருவதும் ஒன்றேதானா என்று பார்க்காமல் விடுகிறோம். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எடிட்டரைக் கம்பைலர் என்று நம்புவது

விஷுவல் ஸ்டுடியோ கோட் ஓர் எடிட்டர். அதில் சி++ நீட்சியைச் சேர்த்தால் எழுத்துகளுக்கு வண்ணம் வரும், பிழைக்குக் கீழே சிவப்புக் கோடு வரும், கம்பைலர் மட்டும் வராது. மைக்ரோசாஃப்டின் கம்பைலர் வேண்டுமென்றால் பெயரில் ‘கோட்’ இல்லாத விஷுவல் ஸ்டுடியோவையோ அதன் பில்ட் டூல்ஸையோ நிறுவ வேண்டும். நிறுவியில் டெஸ்க்டாப் சி++ என்ற தொகுதியை டிக் செய்யவும் வேண்டும். டிக் செய்யாமல் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திக்கொண்டே போனவருக்கு வட்டு நிறைந்ததுதான் மிச்சம். டிக் செய்தவரும் சாதாரண கறுப்புத் திரையில் (கமாண்ட் பிராம்ப்டில்) அந்தக் கம்பைலரின் பெயரான சிஎல் என்று அடித்துவிட்டு ஏமாறுவார். விஷுவல் ஸ்டுடியோவோடு வரும் டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்தால்தான் அது கிடைக்கும். ரஸ்ட் மொழி படிப்பவர்களும் இங்கேதான் மாட்டுகிறார்கள். விண்டோஸில் ரஸ்ட், தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாக இணைக்க வழக்கமாக மைக்ரோசாஃப்டின் லிங்கரை நம்பியிருப்பதால், இந்தத் தொகுதி இல்லாமல் முதல் நிரலே கடைசிக் கட்டத்தில் நின்றுவிடும்.

அதே நிறுவியில் மொழித் தொகுப்புகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. பிரெஞ்சோடு ஆங்கிலத்தையும் சேர்த்துவிடுங்கள். சி++ நூலகங்களை நிறுவித் தரும் விசிபிகேஜி போன்ற கருவிகள் ஆங்கிலத் தொகுப்பு இல்லையென்றால் முரண்டு பிடிக்கும்.

கோட்பிளாக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு வரி: அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவிகள் உண்டு, கோப்பின் பெயரில் மின்ஜிடபிள்யூ (விண்டோஸுக்கான ஜிசிசி) என்று இருப்பதில்தான் கம்பைலரும் சேர்ந்து வருகிறது. ஜாவாக்காரர்களுக்கு இன்னொன்று: ஜேஆர்இ ஓட்டுவதற்கு மட்டும், கம்பைலர் ஜேடிகேயில் இருக்கிறது, ஜாவா ஹோம் மாறிக்கு ஜேடிகேயின் தலைக் கோப்புறையைக் கொடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் பின் கோப்புறையை அல்ல.

பழைய வாசலில் போய் நிற்பது

மின்ஜிடபிள்யூ என்று தேடினால் சோர்ஸ்ஃபோர்ஜில் கிடக்கும் இரண்டு பழைய நிறுவிகள் கண்ணில் படும். ஒன்று பழைய மின்ஜிடபிள்யூ திட்டத்தினுடையது. பல காணொளிகள் அதைக்கொண்டு நிறுவுவது ஜிசிசி 6.3, அதாவது 2016 டிசம்பரில் வெளியான பதிப்பு. மற்றது அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 திட்டத்தின் இணையவழி நிறுவி. அது 2018இல் வந்த 8.1 பதிப்போடு நின்றுபோனது. பல நேரம் ‘கோப்பு சரியாக இறங்கவில்லை’ என்று சொல்லிப் பாதியிலேயே மூடிக்கொள்ளும். உங்கள் இணைப்பில் குறையில்லை, நிறுவிதான் கைவிடப்பட்டுவிட்டது. இந்தப் பழைய பதிப்புகளை வைத்துக்கொண்டு சி++ மொழியின் 2020 தரமான சி++20 பயிற்சிகளைச் செய்ய உட்கார்ந்தால், சரியாக எழுதிய வரிகளிலும் பிழை காட்டும். படிப்பவர் தன்னையே சந்தேகப்படுவார்.

இன்றைக்கு, விண்டோஸில் ஜிசிசி போன்ற கருவிகளை நிறுவித் தரும் எம்சிஸ்2 வழியே போவது நல்லது. அதிலும் ஒரு பொறி இருக்கிறது. நிறுவி முடித்ததும் ஸ்டார்ட் மெனுவில் எம்சிஸ், யூசிஆர்டி64, மின்ஜிடபிள்யூ64 என்று பல டெர்மினல்கள் வந்து உட்காரும். எம்சிஸ் டெர்மினலைத் திறந்து வெறுமனே ஜிசிசி என்ற தொகுப்பை நிறுவினால், அது உருவாக்கும் நிரல்கள் எம்சிஸ்2இன் டிஎல்எல் கோப்பு (நிரல் ஓடும்போது தேவைப்படும் துணைக் கோப்பு) இல்லாமல் ஓடாது. நண்பருக்கு அனுப்பினால் அவர் கணினியில் திறக்காது. பெயரின் முன்பகுதியில் யூசிஆர்டி என்று வரும் ஜிசிசி தொகுப்பை எடுத்து, யூசிஆர்டி64 டெர்மினலில் வேலை செய்யுங்கள். முதல் முறை, எம்சிஸ்2இல் தொகுப்புகளை நிறுவும் கருவியான பேக்மேன் கொண்டு எல்லாவற்றையும் புதுப்பிக்கும்போது டெர்மினல் தானாக மூடிக்கொள்ளக்கூடும். அது பழுதல்ல, மறுபடி திறந்து அதே கட்டளையை இன்னொரு முறை கொடுங்கள்.

பெயரில் ஒரு சாய்கோடு

காணொளிக்காரர்கள் சொல்லாதது இதுதான், அவர்களுக்கு இந்தத் தொல்லை வருவதே இல்லை. இங்கே ஒரேலி, ழெரோம் போன்ற பெயர்கள் நம் குடும்பங்களிலும் சாதாரணம். பிரெஞ்சில் எழுதினால் ‘எ’ எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு வரும். கணினியை முதன்முதலில் திறக்கும்போது உள்ளூர்க் கணக்கு ஒன்றை அந்தப் பெயரில் தொடங்கினால், பயனர் கோப்புறையின் பெயரிலும் அந்தச் சாய்கோடு போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிரெஞ்சு விண்டோஸில் பழைய பாணி நிரல்களுக்கு இரண்டு எழுத்து அட்டவணைகள் உள்ளன: சாளர நிரல்களுக்கு 1252, கறுப்புத் திரைக்கு 850. சாய்கோடு போட்ட அந்த எழுத்துக்கு முதல் அட்டவணையில் எண் 233, இரண்டாவதில் 130. இரண்டாவது அட்டவணையில் 233 என்பது தலையில் கோடு போட்ட பெரிய ‘யூ’. கம்பைலர், அசெம்பிளர், லிங்கர், மேக் என்று நாலைந்து கருவிகள் ஒன்றுக்கொன்று கோப்புப் பெயரைக் கைமாற்றும் இடத்தில், ஒருவர் ஓர் அட்டவணையைப் பார்த்து மற்றவர் இன்னோர் அட்டவணையைப் பார்த்தால், இல்லாத கோப்புறையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். சில கருவிகளில் தற்செயலாகச் சரியாக வேலை செய்வதுதான் இதில் மோசம். நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தமிழில் பெயர் வைத்த கோப்புறைகளுக்கு அந்தக் குழப்பமும் கிடையாது: விண்டோஸின் பழைய அட்டவணைகளில் தமிழுக்கு இடமே கொடுக்கப்படவில்லை, ஆகவே யூனிகோடு தெரியாத கருவிக்கு ‘பயிற்சி’ என்ற கோப்புறை வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான். கவிதைக் கோப்புகளுக்கு வையுங்கள், நிரல் கோப்புறைக்கு வேண்டாம்.

எம்சிஸ்2இன் நிறுவல் குறிப்பே இதைக் கண்டிப்பாகச் சொல்கிறது: பாதை சுருக்கமாக இருக்க வேண்டும், வெறும் ஆங்கில எழுத்துகள்தான், சாய்கோடும் இடைவெளியும் கூடாது, வட்டு என்டிஎஃப்எஸ் ஆக இருக்க வேண்டும். நிறுவி தானாகக் காட்டும் இடத்தை மாற்றாமல் விட்டாலே போதும். உங்கள் நிரல்களுக்கும் சி டிரைவில் நேராக ஒரு சிறிய கோப்புறை போடுங்கள். டெஸ்க்டாப்பிலும் ஆவணங்களிலும் வேண்டாம். பல கணினிகளில் அவை ஒன்டிரைவோடு பிணைந்திருக்கும், கம்பைலர் எழுதும் நேரத்தில் ஒன்டிரைவும் அதே கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்தும் அசெம்பிளர் ஏதோ கோப்பைத் திறக்க முடியவில்லை என்று அழுதால், தற்காலிகக் கோப்புறையைப் பாருங்கள். ஜிசிசி இடையில் உருவாக்கும் கோப்புகள் டெம்ப் மாறி காட்டும் இடத்துக்குப் போகின்றன. அந்த இடம் பயனர் கோப்புறைக்கு உள்ளேதான் இருக்கிறது, அதே சாய்கோட்டோடு. டெம்ப், டிஎம்பி இரண்டு பயனர் மாறிகளையும் சி டிரைவில் உள்ள எளிய பெயர்க் கோப்புறைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும்.

செட்டிங்ஸில் கணக்கின் பெயரை மாற்றினால் கோப்புறையின் பெயர் மாறாது. கோப்புறையையே வலிந்து பெயர் மாற்றினால் மற்ற மென்பொருள்கள் உடையும். முடியாத கட்டத்தில் சாய்கோடு இல்லாத பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறப்பதே மரியாதை. உலகமொழி ஆதரவுக்காக யூடிஎஃப்-8 பயன்படுத்தும் பரிசோதனை வசதி ஒன்று விண்டோஸில் இருக்கிறது, அதை டிக் செய்யச் சொல்லும் ஆலோசனைகளும் நிறைய. வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் கணினியில் நான் அதைத் தொடமாட்டேன். அப்பாவின் பழைய கணக்கு மென்பொருளில் சாய்கோட்டு எழுத்துகள் குலைந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

இதோடு சேர்ந்த இன்னொரு குழப்பம்: பிரெஞ்சு விண்டோஸ் சில கோப்புறைகளுக்கு வேறு பெயர் பூசிக் காட்டும். கோப்பு உலாவியில் ‘உத்திலிசத்தேர்’ என்று தெரிவதன் உண்மைப் பெயர் யூசர்ஸ். ‘ப்ரோக்ராம்’ என்று தெரிவது ப்ரோக்ராம் ஃபைல்ஸ். திரையில் கண்டதை அப்படியே பார்த்து டெர்மினலில் அடித்தால் கிடைக்காது. முகவரிப் பட்டையில் ஒருமுறை சொடுக்குங்கள், உண்மைப் பாதை வெளியே வரும், அதை நகலெடுங்கள்.

பாத்

பாத் என்பது ஒரு கட்டளையை அடித்தால் விண்டோஸ் வரிசையாகத் தேடிப் பார்க்கும் கோப்புறைகளின் பட்டியல். தெருவில் ‘முருகா’ என்று கூப்பிட்டால் முதல் வீட்டு முருகன் எட்டிப் பார்ப்பதுபோலத்தான் பாத் வேலை செய்கிறது. வரிசையில் முன்னால் இருக்கும் கோப்புறையில் ஜிசிசி கிடைத்துவிட்டால் விண்டோஸ் மேற்கொண்டு தேடாது. நீங்கள் கைவிட்ட பழைய ஜிசிசி அங்கே இருக்கலாம், ஸ்ட்ராபெர்ரி பெர்ல் தன்னோடு கொண்டுவந்ததும் இருக்கலாம். புதிதாக நிறுவிவிட்டு, ஓடிக்கொண்டிருப்பது பழையது என்று தெரியாமலே மாதக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. கறுப்புத் திரையில் வேர் கட்டளையோடு ஜிசிசி என்று சேர்த்து அடித்தால் எல்லா ஜிசிசியும் வரிசையாகத் தெரியும். பவர்ஷெல்லில் வேர் என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர். எதையும் காட்டாமல் மௌனமாக இருக்கும். அங்கே முடிவில் புள்ளி எக்ஸி சேர்த்து அடிக்க வேண்டும்.

செட்எக்ஸ் கட்டளையால் பாத்தை மாற்றச் சொல்லும் பாடங்களைப் பின்பற்றாதீர்கள். அது 1024 எழுத்துகளுக்கு மேல் உள்ளதை வெட்டிவிடும். பழைய பாத்தையும் சேர்த்து எழுதச் சொல்லும் அந்த ஒற்றை வரியால் பல மென்பொருள்களின் பாதை ஒரே நொடியில் காணாமல் போகும். விண்டோஸ் தேடலில் ‘வரியாப்ல் தாவிரோன்மான்’ (சூழல் மாறிகள்) என்று பிரெஞ்சில் அடித்தால் வரும் சாளரத்தில் பயனர் பகுதியின் பாத்தைத் திறந்து, எம்சிஸ்2 நிறுவிய எம்சிஸ்64, அதற்குள் யூசிஆர்டி64, அதற்குள் பின் என்ற கோப்புறையைச் சேருங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு இந்த மாற்றம் தெரியாது. மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க வேண்டும், விஷுவல் ஸ்டுடியோ கோடையும் சேர்த்து.

விசைப்பலகையும் நகலெடுத்த கட்டளையும்

அசெர்ட்டி எனப்படும் பிரெஞ்சு விசைப்பலகையில் பின்சாய்கோட்டுக்கு வலப்பக்க ஆல்ட்டும் 8உம். திறக்கும் நெளிவு அடைப்புக்கு அதே ஆல்ட்டும் 4உம். இது பழகிவிடும். தமிழ் விசைப்பலகையையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் தெரியாமல் விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்திவிட்டால் கட்டளை தமிழில் விழும், அது கண்ணில் பட்டுவிடும். கண்ணில் படாதது ஆங்கில விசைப்பலகையான குவெர்ட்டிக்கு மாறியது: ‘ஏ’யும் ‘க்யூ’வும் இடம் மாறிவிடும். மெய்நிகர் கணினியில் உபுண்டு நிறுவும்போது விசைப்பலகையைத் தவறாகத் தேர்ந்துவிட்டுப் பிறகு கடவுச்சொல் ஏற்கவில்லை என்று திகைப்பவர்கள் இங்கே அதிகம்.

கட்டளைகளை வேர்டில் ஒட்டி வைத்து எடுத்தால், பிரெஞ்சு வேர்ட் மேற்கோள் குறியைப் பிரெஞ்சு பாணி இரட்டை அம்புகளாக்கும், இரண்டு சிறுகோடுகளை ஒரு நீண்ட கோடாக்கும். கம்பைலருக்கு இரண்டும் புரியாது. நோட்பேடில் வையுங்கள்.

மேக், லினக்ஸ்

மேக்கில் ஜிசிசி என்று அடித்தால் ஓடுவது ஆப்பிளின் கிளாங் என்ற வேறு கம்பைலர். போட்டி நிரலாக்கக்காரர்கள் ஒரே வரியில் சேர்க்கும் ‘பிட்ஸ்’ தலைப்புக் கோப்பு அதில் இருக்காது. உண்மையான ஜிசிசி வேண்டுமென்றால் மேக்கில் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்ப்ரூ வழியே நிறுவி, பெயரோடு பதிப்பு எண்ணையும் சேர்த்து அழைக்க வேண்டும். மேக்ஓஎஸ்ஸைப் பெரிய பதிப்புக்கு உயர்த்தியபின் கம்பைலர் காணாமல் போனால் கமாண்ட் லைன் டூல்ஸை மறுபடி நிறுவினால் போதும்.

உபுண்டு லினக்ஸில் முதலில் மென்பொருள் பட்டியலைப் புதுப்பித்து, பிறகு பில்ட்-எசென்ஷியல் என்ற தொகுப்பை நிறுவுங்கள். ஜிசிசியை மூலநிரலிலிருந்து தொகுக்கத் தேவையே இல்லை. கணினியோடு வந்த ஜிசிசியை அழிக்கவும் கூடாது. பிழைச் செய்தி பிரெஞ்சில் வந்தால் எல்சி ஆல் மாறிக்கு சி என்று மதிப்பு கொடுத்து அதே கட்டளையை ஓட்டுங்கள், ஆங்கிலத்தில் வரும். அந்தச் செய்தியைத் தேடினால் கிடைக்கும் விடைகள் பல மடங்கு.

மழைக்காலத்துக்கு ஒன்று. சூறாவளிக்குச் சிவப்பு எச்சரிக்கை விழுந்து எல்லோரும் வீட்டில் அடைந்து கிடக்கும் நாளில்தான் பையன்களுக்குக் கம்பைலர் ஞாபகம் வரும். விஷுவல் ஸ்டுடியோ பாதி நிறுவும்போது மின்சாரம் போனால், திரும்ப வந்ததும் அதன் மேல் இன்னொன்றை நிறுவாதீர்கள். நிறுவியைத் திறந்து ‘ரெப்பாரே’ (பழுதுநீக்கு) என்பதை அழுத்துங்கள்.

நிறுவி முடித்ததும் பத்து வரியில் ஒரு சி++ நிரல் எழுதித் தொகுத்து, எக்ஸி கோப்பை இரட்டைச் சொடுக்கில் ஓட்டிப் பாருங்கள். டெர்மினலில் ஓடி இங்கே மட்டும் ஒரு டிஎல்எல் இல்லை என்று சொன்னால் பாத்தில் பின் கோப்புறை சேரவில்லை, அல்லது வரிசையில் பின்னால் இருக்கிறது. எக்ஸியே மாயமாகிவிட்டால் ஆன்டிவைரஸ் எடுத்துக்கொண்டிருக்கும். நிரல் கோப்புறைக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், ஆன்டிவைரஸை மொத்தமாக அணைக்காதீர்கள். நிர்வாகி உரிமை இல்லாத பள்ளிக் கணினி என்றால் டபிள்யூ64டெவ்கிட் போன்ற நிறுவத் தேவையில்லாத கம்பைலர் தொகுப்பை, பள்ளி அனுமதித்தால், பிரித்து வைத்தே வேலை செய்யலாம்.