நூல் அறுந்தால் முதலில் நாபைத் திருகாதீர்கள்: எம்பிராய்டரி மெஷின் டென்ஷனில் நாம் செய்யும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பள்ளிக்கூடத் திறப்பும் ஜூனில் ஒன்றாக வந்து சேரும். யூனிஃபார்ம் பேட்ஜ் ஆர்டர் குவிந்து கிடக்கிற அந்த வாரத்தில்தான் மெஷினும் படுத்தும். "எக்கா, நூலு அந்துக்கிட்டே இருக்கு" என்று ஆபரேட்டர் பெண் கூப்பிடுவாள். நான் போவதற்குள் மேல் டென்ஷன் நாபை, அதாவது மேல் நூலின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுக் குமிழை, இரண்டு சுற்றுத் தளர்த்தியிருப்பாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ணுக்கு முன்னால் இருப்பது அந்த நாப்தான், நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன். ஆனால் முதல் தவறே அதுதான்.

நாபைத் தொடும் முன் ஒரு கேள்வி: ஒரே ஊசியில் கோளாறா, எல்லா ஊசியிலுமா? ஒரு ஹெட்டில் (ஊசிகள் இருக்கும் தையல் தலையில்) 9, 12, 15 என்று எத்தனை ஊசி இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் மேலே தனி நாப். கீழே பாபின், அதாவது கீழ் நூல் சுற்றிய உருளை, ஒன்றுதான். சிவப்பு நூல் மட்டும் அறுந்தால் அந்த நூலின் பாதையையும் அந்த ஊசியையும் பாருங்கள். எல்லா நிறமும் ஒரே மாதிரிச் சொதப்பினால் பாபின் உட்காரும் உலோகக் கூடான பாபின் கேஸைக் கழற்றுங்கள். இதைக் கேட்காமல் பன்னிரண்டு நாபையும் திருகிவிட்டால், பழைய இடத்துக்குக் கொண்டுவர அரை நாள் போய்விடும்.

பாபினைச் சரி செய்யாமல் மேல் நூலைச் சரி செய்யப் போவது அடுத்த தவறு. கீழ் நூல்தான் அஸ்திவாரம். பாபின் கேஸை நூல் நுனியில் பிடித்துத் தொங்கவிடுங்கள். அப்படியே நிற்க வேண்டும். மணிக்கட்டை லேசாகச் சுண்டினால் ஓரிரு அங்குலம் இறங்கி மறுபடி நிற்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனால் தளர்வு, சுண்டியும் அசையவில்லையென்றால் இறுக்கம். டென்ஷன் அளக்கும் கேஜ் இருந்தால் பாபினுக்குச் சுமார் 18 முதல் 25 கிராம், மேல் நூலுக்கு 100 முதல் 130 கிராம் என்பது சாதாரண 40 நம்பர் நூலுக்குப் பொதுவான கணக்கு.

கேஸில் உள்ள சின்னத் திருகாணியைத் திருப்பும்போது கடிகாரத்தில் ஐந்து நிமிட அளவு போதும். திருப்பிவிட்டு மறுபடி தொங்கவிட்டுப் பாருங்கள். ஆனால் அதற்கும் முன்னால், கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் விசிட்டிங் கார்டின் மூலையை விட்டு ஒரு தடவை இழுத்துவிடுங்கள். அங்கே துளி பஞ்சு சிக்கினாலே ஸ்பிரிங் தூக்கிக்கொண்டு நூல் தளர்ந்துவிடும். துணியின் மேல்பக்கம் பாபினின் வெள்ளை நூல் எட்டிப் பார்க்கும். நாம் மேல் டென்ஷன் அதிகம் என்று நினைத்து நாபைத் தளர்த்துவோம். உண்மையில் பஞ்சை எடுத்திருந்தால் முடிந்திருக்கும். குளச்சல் மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் அந்தத் தகட்டில் துருவும் ஏறும். விரல் நகத்தால் தடவிச் சொரசொரப்பாக இருந்தால் கேஸையே மாற்றிவிடுங்கள். திருகாணி அதைச் சரி செய்யாது.

மேல் நூலில் அதிகம் நடப்பது, நூல் டென்ஷன் தட்டுகளுக்கு இடையில் இறங்காமல் மேலேயே மிதப்பது. பழைய நூல் துணுக்கு உள்ளே கிடந்தாலும் இதே கதைதான். இரண்டு கையாலும் நூலைப் பிடித்துத் தட்டுகளுக்குள் நன்றாக இழுத்து உட்கார வையுங்கள். டென்ஷன் தட்டுப் பக்கத்தில் உள்ள சின்னக் கம்பிச் சுருளான செக் ஸ்பிரிங்கில் நூல் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஊசிக்குக் கீழே நூலை மெதுவாக இழுத்து, பக்கத்து ஊசியோடு ஒப்பிடுங்கள். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்த நாகர்கோவில் பக்கம் நாம். நூலின் இறுக்கத்தை விரலில் அறிவது இங்கே இரண்டு நூற்றாண்டுப் பழக்கம். மெஷின் வந்ததும் அதை விட்டுவிடக் கூடாது.

ஊசி கொஞ்சம் திரும்பி நின்றாலும், முனை மழுங்கினாலும் நூல் பிசிறி அறும். அதற்கும் டென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. புது ஊசி போட்டுப் பார்ப்பதுதான் மலிவான சோதனை.

சரி பார்த்த பிறகு, வேலைத் துணியிலேயே ஓட்டாமல் அதே துணி, அதே பேக்கிங் (துணிக்கு அடியில் வைக்கும் தாள்) வைத்து ஒவ்வொரு ஊசியிலும் ஆங்கிலப் பெரிய 'ஐ' (I) எழுத்தைச் சாட்டினில், அதாவது நெருக்கமான நிரப்புத் தையலில், தையுங்கள். திருப்பிப் பார்த்தால் நடுவில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை, இரு ஓரத்திலும் நிறம் இருக்க வேண்டும். வெள்ளையே தெரியாவிட்டால் மேல் நூல் தளர்வு. முக்கால்வாசி வெள்ளையாக இருந்தால் மேலே இறுக்கம். இப்போதுதான் நாபைத் தொட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக.

கல்யாண பிளவுஸுக்கு ஜரி நூல் ஏற்றும்போது பழைய செட்டிங்கிலேயே ஓட்டுவதும் பெரிய தவறு. மேல் டென்ஷனைத் தளர்த்தி, கண் பெரிதான ஊசி போட்டு, வேகத்தைக் குறையுங்கள். முடிந்தால் ஜரிக்கென்று ஓரத்தில் ஒரு ஊசியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் ரேயான் நூலைத் திறந்த ஷெல்ஃபில் விடாதீர்கள். ஈரம் ஏறினால் ரேயான் வலுவிழக்கும். பாலியெஸ்டர் அவ்வளவு உறிஞ்சாது. மூடி போட்ட டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

இரண்டு மூன்று ஹெட் வைத்திருப்பவர்கள் பாபின் கேஸ்களை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். மார்க்கர் பேனாவால் கேஸில் ஹெட் நம்பரை எழுதிவையுங்கள்.